கம்புக்குக் கீழே படுத்திருக்கும் திலகவதி

படுத்தபடியே திட்டுகிறார் திலகவதி.

"இடுப்பு எங்கடி போச்சு? வீட்டுல கழட்டி ஆணியில மாட்டிட்டு வந்தியா?"

மல்லாந்து படுத்திருக்கிறார். தலைக்கு வைத்திருப்பது பூக்கூடை தூக்கும்போது சும்மாடு கட்டுகிற துண்டு. அவருக்கு நேர் மேலே, இரண்டு சவுக்குக் கால்களுக்கு நடுவில், பாவாடைக்குப் போடுகிற இலாஸ்டிக் நாடா இழுத்துக் கட்டியிருக்கிறது. அதற்கு மேல் வெறும் வானம். அந்த வானத்துக்கும் நாடாவுக்கும் இடையில் ஒரு பெண் முதுகை வளைத்துக்கொண்டு கடந்து போகிறாள். அந்தப் பக்கம் மூட்டைகளின்மேல் தொப்பென்று சத்தம் கேட்கிறது.

"ம்... இப்ப இருக்கு இடுப்பு. குதிங்காலுதான் கோவிச்சுக்கிட்டு நாடாவுக்கு இங்கிட்டே நிக்கிது. அதையும் கூட்டிக்கிட்டுப் போ. இன்னொருக்கா வா!"

முதல் நாள் இந்தக் காட்சியைப் பார்த்தபோது யாரோ மயங்கி விழுந்துவிட்டார்கள் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலோடு ஓடினேன். "ஓரமா நில்லுங்க சார், ஒங்க நெழலு மறைக்கிது" என்றார், தலையைக்கூடத் திருப்பாமல். நான் கீரமங்கலத்துக்குப் போனது பூ விலையைப் பற்றி ஒரு கட்டுரை எழுத. அந்தக் கட்டுரை இன்னும் எழுதப்படவில்லை. பூவாவது விலையாவது! அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் ஆலங்குடியில் பஸ் ஏறி, இவர் பிள்ளைகளுக்கு உயரம் தாண்டக் கற்றுத்தரும் இந்தத் திடலின் ஓரத்தில் வந்து நின்றுவிடுகிறேன். நிழல் மறைக்காத பக்கமாகத்தான்.

காலையில் இதே குரலைப் பூ ஏலக்கடையில் கேட்கலாம். கடை அவருடையது இல்லை. ஏலம் விடுவது மட்டும் அவர். முல்லையும் சம்பங்கியும் சென்டிப்பூவும் மூட்டை மூட்டையாக வந்து இறங்க, ஒரு முக்காலியின்மேல் ஏறி நின்றுகொள்வார். ஏறி நிற்காவிட்டால் அவரை யாருக்கும் தெரியாது. அவ்வளவு உயரம்தான். நாலே முக்கால் அடி என்று அவர் சொல்கிறார். அவருடைய கணவர் கண்ணுசாமி, பூ ஏற்றும் லோடு ஆட்டோ ஓட்டுபவர், "அது கொண்டையோட சேத்து" என்கிறார்.

உயரத்தைப் பற்றிக் கேட்டால் திலகவதிக்குக் கோபமே வராது. அதற்கென்று ஒரு கதை கைவசம் வைத்திருக்கிறார்.

"சின்னப்புள்ளையில நல்லாத்தான் சார் வளந்துக்கிட்டு வந்தேன். ஒரு தீவாளிக்கு எங்க மாமா வந்தாரு. நான் தரையில படுத்துத் தூங்குறேன். மனுசன் என்னையத் தாண்டிட்டு ஆலங்குடி பஸ்ஸைப் பிடிக்க ஓடிட்டாரு. திருப்பித் தாண்டவே இல்ல! அன்னைக்கு நின்ன வளத்திதான் இது."

"அந்த மாமா நம்ம கல்யாணத்துக்கு வந்தாருல்ல? அப்பவாச்சும் தாண்டச் சொல்லியிருக்கலாம்" என்பார் கண்ணுசாமி, ஆட்டோவிலிருந்து மூட்டையை இறக்கிக்கொண்டே.

சிரித்துவிட்டு நகர்ந்துவிடக்கூடிய கதைதான். ஆனால் இந்தத் தாண்டல் விவகாரம் பிறகு எங்கள் எல்லோருடைய உயிரையும் வாங்கியது. அதற்கு வருகிறேன்.

அந்தக் குள்ள உடம்போடு பள்ளிக்கூடத்தில் உயரம் தாண்டியவர் திலகவதி. தன் தலை உயரம் வரைக்கும் போயிருக்கிறார். "எந்தலை வரைக்கும் போச்சு. அதுக்கு மேல ஒரு விரக்கடைகூடப் போகல. எம்புட்டோ முக்கிப் பாத்தேன், ம்ஹூம்!" என்கிறார். பிறகு கல்யாணம், பூக்கடை. எப்போது திரும்ப இந்தத் திடலுக்கு வந்தார் என்றால், பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் கயிற்றைக் கட்டிக் கன்னாபின்னாவென்று குதித்துக்கொண்டிருந்ததைப் பொறுக்க முடியாமல் வந்தாராம். சரியில்லாததைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது. பஸ்ஸில் எனக்கு முன்னால் ஏறிய ஆளிடம் ஒருநாள், "தம்பி, படியில ஏறுறப்ப பாதத்தைத் திருப்பாதீங்க, கணுக்கால் போயிரும்" என்றவர் அவர்.

விழுவதற்கு மெத்தை கிடையாது. தேங்காய் மட்டையை அடித்து நார் எடுக்கும் மஞ்சி மில்லிலிருந்து கண்ணுசாமி கொண்டுவரும் மஞ்சியைச் சாக்குகளில் அடைத்து, அடுக்கி, மேலே ஒரு ஃப்ளெக்ஸை விரித்துக் கட்டியிருக்கிறார்கள். யாரோ வீட்டுக் காதணி விழா ஃப்ளெக்ஸ். அதில் தாய்மாமன்கள் வரிசையாகக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார்கள். அவர்கள் முகத்தில் விழக்கூடாது என்பதற்காகக் கவிழ்த்து விரித்திருக்கிறார்கள். ஒருநாள் நானும் அதில் உட்கார்ந்து பார்த்தேன். இறங்கத்தான் ஆள் வேண்டியிருந்தது.

ஓடி வரும் பாதையைப் பூவால் போடுகிறார். காலையில் விலை போகாத சென்டிப்பூவை உதிர்த்து, முதலில் நேர்கோடாக, பிறகு நாடாவை நோக்கி வளைவாகத் தரையில் தூவுகிறார். மஞ்சள் வளைவு. அதன்மேல் ஓட வேண்டும். "நேரா ஓடியாந்து நேரா ஏறுறதுக்கு இது மாடிப்படி இல்ல. வளைவுல சைக்கிள் திருப்புறப்ப உள்பக்கம் சாயுறேல்ல? அப்படிச் சாஞ்சு வா. சாஞ்ச ஒடம்பு நிமுந்தா மேல போகும். வேற ஒண்ணும் மந்திரம் கெடையாது."

நாளெல்லாம் குதிக்கவும் விடுவதில்லை. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி உள்பக்கம் சாய்ந்தே ஓடவிடுகிறார். மல்லாந்து படுத்து இடுப்பை மட்டும் மேலே தூக்கி நிறுத்தச் சொல்லி, வயிற்றின்மேல் ஒரு சென்டிப்பூவை வைத்து, விழுந்தால் முதலிலிருந்து என்கிறார். நாடாவுக்கு முதுகைக் காட்டி நின்ற இடத்திலிருந்து பின்பக்கமாக எம்பிவிழச் சொல்கிறார். அப்போதெல்லாம் மோவாயைப் பற்றி ஒரே பல்லவி: "நாடி! நாடி! இடுப்பு தாண்டுனதும் நாடியை நெஞ்சுல ஒட்டு, காலு தன்னால வரும்!" என்னையும் ஒருநாள் வளைவில் ஓடவிட்டார். நான் உள்பக்கம் சாயவில்லை. அப்படியே தரையில் சரிந்தேன். கை கொடுத்துத் தூக்கிவிட்டு, "சார், நீங்க எழுதுங்க" என்றார்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது அவர் போடும் தாளம். உயரம் தாண்டுவதில் உயிர் இருப்பது கடைசியாக எடுத்துவைக்கும் மூன்று எட்டுகளில்தான். அந்த இடத்துக்குப் பிள்ளை வந்ததும் திலகவதி பூக்கடைக் குரலை எடுக்கிறார்.

"ஒருதரம்! ரெண்டு... தரம்! மூணுதரம்!"

ஒருதரம் சாதாரணமாக வரும். ரெண்டுதரத்தை இழுப்பார், அந்த எட்டு நீளமாகப் போய் உடம்பு தாழும். மூணுதரம் வெட்டினாற்போல விழும். காலும் சட்டென்று ஊன்றி, உடம்பு எழும்பிவிடும். கீரமங்கலத்துப் பிள்ளைகளுக்குப் பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம் அது. எப்போது இழுக்கும், எப்போது முடியும் என்று காலுக்கே தெரியும். நான்கூட இப்போது பஸ் படியில் அந்தத் தாளத்தில்தான் ஏறுகிறேன்.

சரி, படுப்பது எதற்கு? கேட்டேன்.

"பக்கத்துல நின்னு பாத்தா மூஞ்சியும் காலும்தான் சார் தெரியும். மூஞ்சி நல்லா நடிக்கும். அடியில படுத்துப் பாத்தா முதுகு தெரியும், இடுப்பு தெரியும், நாடாவுக்கும் அதுக்கும் நடுவுல எம்புட்டு ஆகாசம் இருக்குன்னு தெரியும். இடுப்புக்கு நடிக்கத் தெரியாது."

நாடா தாழ்வாக இருக்கும்வரை வளைவின் ஓரத்தில் நின்றுதான் திட்டுவார். உயரம் ஏறி, பிள்ளைக்குப் பயம் தொடங்குகிற இடம் வந்ததும் துண்டைச் சுருட்டிக்கொண்டு போய்ப் படுத்துவிடுவார். கால் ஊன்றும் இடத்தை விட்டுத் தள்ளி, அந்தக் கோடியில், நாடாவுக்கு நேர் கீழே.

இவரிடம் வரும் பெண்களில் சிவரஞ்சனி பிளஸ் டூ படிப்பவள். நெடுநெடுவென்று வளர்ந்தவள், பேச்சு வராது, கேட்டால் தலையாட்டுவாள். அவளுடைய அம்மா உண்ணாமலை முந்திரி உடைக்கும் கொட்டகையில் வேலை பார்க்கிறவர். முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டுப் பட்டு விரலெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். மகள் மாநிலப் போட்டி வரைக்கும் போய்விட்டால் திருச்சியில் ஒரு கல்லூரியில் விளையாட்டு இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. போகாவிட்டால் அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு மணை காத்திருந்தது. "எங்கையி கறுத்தது போதும்ங்க. அவ கையி வேணாம்" என்று உண்ணாமலை என்னிடம் சொன்னார்.

அந்த உண்ணாமலை மகள் தாண்டுவதைப் பார்க்க ஒருநாள் திடலுக்கு வந்தார். வந்தவர் கண்டது என்ன? திலகவதி கீழே படுத்துக் கிடக்கிறார். மகள் அவருக்கு மேலாகப் பாய்கிறாள். அவ்வளவுதான், தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அடி ஆத்தி! யம்மா திலகா, என்னம்மா இது? மூத்த மனுசியைத் தாண்டிக்கிட்டுப் போறா, நீ பாத்துக்கிட்டுக் கெடக்கே!"

"நான் இனிமே வளந்து என்னக்கா செய்யப் போறேன்?"

"ஒனக்கு வேணாம்னா ஆச்சா? பாவம் எம்புள்ளைக்குல்ல வரும்! ஏய் ரஞ்சனி, மூட்டையை விட்டு எறங்கு. திருப்பித் தாண்டுடி!"

நம் ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. படுத்திருப்பவரைத் தாண்டக்கூடாது, தாண்டினால் அவர் வளர மாட்டார். தெரியாமல் தாண்டிவிட்டால் வந்த வழியே திருப்பித் தாண்டிவிட வேண்டும், அத்தோடு சரியாகப் போய்விடும். சிவரஞ்சனி மூட்டையின் முன்பக்கமாக இறங்கி, நாடாவுக்குக் கீழே குனிந்து, திலகவதியைக் காலைத் தூக்கித் தாண்டி இந்தப் பக்கம் வந்தாள். முதுகு பட்டு நாடா விண்ணென்று ஆடி அடங்கியது. உண்ணாமலைக்கு மூச்சு வந்தது.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. திலகவதி படுக்கும் உயரம் வந்தால், பறந்து போவாள், விழுவாள், எழுந்து நாடாவுக்குக் கீழே குனிந்து திருப்பித் தாண்டி வருவாள். முதுகோ சடையோ பட்டால் நாடா ஆடும், இலாஸ்டிக்தானே, விழாது. நான்கூட ஒருமுறை, "இது தேவையா?" என்று கேட்டேன்.

"ஒரு நொடி வேலை சார். இதுக்குப் போயி அம்மாவும் மகளும் நெஞ்சுல முள்ளோட திரியணுமா? முள்ளு இருந்தா இடுப்பு ஏறாது. தாண்டிட்டுப் போகட்டும்."

எனக்கும் சரி என்றுதான் பட்டது. யாருக்குமே எதுவும் உறைக்கவில்லை.

வருவாய் மாவட்டப் போட்டி புதுக்கோட்டையில். பூக்கடை ஆட்கள் பாதிப் பேர் கண்ணுசாமியின் லோடு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். வண்டி முழுக்கச் சம்பங்கி வாசம். உண்ணாமலை கொட்டகைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். திலகவதியைப் பார்த்து எனக்கு அடையாளமே தெரியவில்லை. தினமும் டிராக் பேண்டும் கண்ணுசாமியின் பழைய சட்டையுமாக மண்ணில் கிடப்பவர், அன்று மாம்பழக் கலர் பட்டுச்சேலையில் நின்றார். தோளில் அந்தத் துண்டு மட்டும் மாறவில்லை.

"என்ன இப்படி?" என்றேன்.

"புள்ளைக்கு மெடல் குடுக்குறப்ப போட்டோவுல நிக்கணும்ல?"

"அவ மெடல் வாங்குறது இருக்கட்டும், சேலையில மண்ணு பட்டுச்சுன்னா எனக்குக் கஞ்சி கெடையாது" என்றார் கண்ணுசாமி. கல்யாணச் சேலையாம்.

முதல் இரண்டு இடத்துக்கு வருபவர்கள்தான் மாநிலப் போட்டிக்குப் போவார்கள். முதல் இடத்தை ஒரு பெண் சந்தேகத்துக்கு இடமில்லாமல் பிடித்துவிட்டாள். இரண்டாவது இடத்துக்கு சிவரஞ்சனியும் கீரனூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணும். கம்பை ஒன்றரை மீட்டருக்கு ஏற்றினார்கள். கீரனூர்ப் பெண் மூன்று வாய்ப்பிலும் தட்டிவிட்டாள். ஆனாலும் முந்தைய உயரத்தை இவளைவிடக் குறைந்த வாய்ப்பில் அவள் தாண்டியிருந்ததால், சிவரஞ்சனியும் இதைத் தாண்டாவிட்டால் இடம் அவளுக்குத்தான். தாண்டினால் இவளுக்கு.

இவளுக்கும் மூன்று வாய்ப்பு. முதலாவதில் குதிகால் தட்டியது, கம்பு விழுந்தது. பரவாயில்லை.

இரண்டாவது வாய்ப்பு. ஓடி வந்தாள், வளைந்தாள், சாய்ந்தாள். பார்க்க வந்தவர்களைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று திலகவதி, "ஒருதரம்! ரெண்டு... தரம்! மூணுதரம்!" என்று கத்த, எழும்பினாள் பாருங்கள்! இடுப்பு போய்விட்டது. நாடி நெஞ்சில் ஒட்டியது. கால் வந்துவிட்டது. கம்பை லேசாக உரசினாற்போல இருந்தது, அது நடுங்கியது, ஆனால் விழவில்லை. விழவே இல்லை! பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவரும் என்னைக் கட்டிக்கொண்டார். பூக்கடைக்காரர்கள் விசில் அடித்தார்கள்.

கம்பின் நடுக்கம் நிற்கட்டும் என்று நடுவர் வெள்ளைக் கொடியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அதற்குள் சிவரஞ்சனி மெத்தையில் எழுந்தாள். சிரித்துக்கொண்டே முன்பக்கமாக இறங்கினாள். கம்புக்குக் கீழே குனிந்தாள். யாருமே படுத்திருக்காத அந்த வெறுந்தரையில் காலை உயரத் தூக்கி வைத்து, இல்லாத ஒருவரைத் தாண்டினாள்.

முதுகு பட்டது. இது இலாஸ்டிக் இல்லை. கம்பு கீழே விழுந்து உருண்டது.

சிவப்புக் கொடி ஏறியது.

நான் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன். இங்கே எழுத முடியாது. திலகவதி பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கயிற்றின் ஓரமாக நடுவர் இருந்த இடத்துக்கு ஓடினார்.

"சார்! தாண்டிருச்சு சார் புள்ள! எல்லாரும் பாத்தோம்!"

"தாண்டுச்சும்மா, இல்லைங்கலை. கம்பு ஆடிக்கிட்டு இருந்துச்சு. நிக்கிதா விழுகுதான்னு பாக்குறதுக்குள்ள அந்தப் பொண்ணே வந்து தட்டிவிட்டுருச்சு. தானா நின்னுருக்கும்னு நான் எப்படிச் சொல்றது?"

நியாயமான பேச்சு. அதனால்தான் எனக்கு எரிச்சல் இன்னும் கூடியது.

"ஆமா, எதுக்கும்மா அது கம்புக்குக் கீழ குனிஞ்சு வந்துச்சு?" என்று கேட்டார் நடுவர். என்னவென்று சொல்வது? எங்கள் மாமா ஆலங்குடி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார் என்றா?

உண்ணாமலை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான்தானே... நான்தானே திருப்பித் தாண்டுன்னு சொன்னேன். எம்புள்ள வாயில நானே மண்ணைப் போட்டுட்டேனே!" கறுத்த விரல்களால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அந்தப் பக்கம், ஓட்டம் தொடங்கும் இடத்தில் சிவரஞ்சனியும் அழுதுகொண்டிருந்தாள். இன்னும் ஒரே வாய்ப்பு. அழுகிற பெண் என்ன தாண்டுவாள்? முடிந்தது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

திலகவதி கயிற்றோரம் திரும்பி வந்தார். முக்காலி இல்லை. கண்ணுசாமி கொண்டுவந்திருந்த காலிப் பூக்கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் ஏறினார்.

"ரஞ்சனீ! இங்க பாரு. மூஞ்சியைத் தொடை. நான் எங்க இருக்கேன்?"

அவள் கூடையைக் காட்டினாள்.

"இல்ல! நான் அங்கன படுத்திருக்கேன். கம்புக்குக் கீழ, அந்தக் கோடியில. ஒன் இடுப்பைப் பாத்துக்கிட்டு இருக்கேன். தெரியுதா?"

அவள் கம்புக்குக் கீழே பார்த்தாள். தலையாட்டினாள்.

"தாண்டு! தாண்டிட்டுப் பின்பக்கமா எறங்கி அங்கிட்டே போயிரு. என்ன ஆனாலும் திரும்பி வராத!"

"அக்கா... அப்ப நீங்க...?"

"திருப்பித் தாண்டுறத வெளிய வந்து வச்சுக்கிடுவோம்டி! நான் எங்க ஓடிப்போகப் போறேன்? இம்புட்டு வருசம் வளராதவ இன்னும் அஞ்சு நிமிசத்துலயா வளந்துறப் போறேன்?"

எங்கள் ஆட்கள் சிரித்துவிட்டார்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நடுவர் குனிந்து கம்புக்குக் கீழே ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். சிவரஞ்சனிக்கும் அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்தாள்.

"இன்னொண்ணும் கேட்டுக்க! அந்தக் கம்பு என்னையவிட ஒசரம். படுத்துக் கெடந்த என்னையத் தாண்டவே பயந்த புள்ள, இப்ப நிக்கிற என்னையவே தாண்டப் போறே. வா!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் எவ்வளவோ முக்கியும் போகாத உயரம் அது.

ஓடினாள். வளைவுக்குள் வந்தாள், உள்பக்கம் சாய்ந்தாள்.

"ஒருதரம்!" திலகவதி மட்டும் இல்லை, பூக்கடை மொத்தமும் கத்தியது. "ரெண்டு... தரம்!" நானும் கத்தினேன், என்னைக் கட்டிப்பிடித்தவரும் கத்தினார். "மூணுதரம்!"

ஐயோ, அந்த எழும்பல்! கம்புக்கும் அவள் முதுகுக்கும் நடுவில் அப்படி ஒரு ஆகாசம் இருந்தது. அடியில் படுத்துப் பார்க்க ஆள் இல்லையே என்று மனசு அடித்துக்கொண்டது. மெத்தையில் விழுந்தாள். கம்பு அசையவில்லை. உரசல்கூட இல்லை.

எழுந்தாள். நின்றாள். மெதுவாக முன்பக்கம் திரும்பினாள்.

திரும்பியேவிட்டாள்! ஒரு கால் மெத்தையின் விளிம்புக்கு வந்துவிட்டது. தலை குனியத் தொடங்கியது. திலகவதி வாயைத் திறந்தார். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், காற்றுதான் வந்தது.

"வராதடீ!"

உண்ணாமலையின் குரல். கயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். "திருப்பித் தாண்டாத! அம்மா சொல்றேன்டி, தாண்டாத! அங்கிட்டே போ!"

சிவரஞ்சனி விழித்துக்கொண்டவளைப் போல நிமிர்ந்தாள். கம்பைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். காலைப் பின்னுக்கு இழுத்தாள். திரும்பி, மெத்தை முழுக்க நடந்து, பின்பக்கமாகக் குதித்து இறங்கினாள்.

வெள்ளைக் கொடி ஏறியது.

அப்புறம் நடந்ததைக் கோவையாகச் சொல்ல எனக்கு வராது. விசில், கூச்சல். கண்ணுசாமி ஆட்டோவுக்கு ஓடிப்போய் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். உண்ணாமலை யார் யாரையோ கையெடுத்துக் கும்பிட்டார். "திருச்சி! எம்புள்ள திருச்சிக்குப் போறா!" என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். நானும் குதித்தேன். ஒரு ஜாண் உயரம்கூட இருக்காது. இருக்கட்டுமே, என் அளவுக்கு அது சாதனை.

சிவரஞ்சனி திடலைச் சுற்றிக்கொண்டு எங்களை நோக்கி ஓடி வந்தாள். அம்மாவிடம்தான் முதலில் வருவாள் என்று வழிவிட்டோம். வந்தவள் எங்கள் எல்லோரையும் தாண்டி யாரையோ தேடினாள். நானும் தேடினேன். கவிழ்த்த கூடையின்மேல் திலகவதி இல்லை.

கீழே இருந்தார். துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்து, கல்யாணப் பட்டுச்சேலையோடு, அத்தனை பேர் காலடிக்கும் நடுவில், புழுதியில் மல்லாந்து படுத்திருந்தார். கண் வானத்தில் இருந்தது. சிவரஞ்சனி பக்கத்தில் வந்து நின்றதும், விரிந்து கிடந்த முந்தானையை இழுத்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவள் கால் வைக்க இடம் விட்டார்.